பின்னால் வருகிறவனுக்குத் தெரிந்த ரகசியம்



சுங்கை சிப்புட், செம்மோர் தோட்டங்களில் பிறந்து இன்று ஈப்போவில் புந்தோங், சிலிபின் பக்கம் குடியிருப்பவர்கள் நம்மில் பலர். உங்கள் பாட்டி விடியுமுன் இருட்டில் பிரட்டுக்குப் போனார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டில் நடந்தார். "பொம்பளைக்கு இந்நேரத்தில் வெளியே என்ன வேலை?" என்று யாரும் கேட்கவில்லை. துரைக்கு அந்த வேலை தேவைப்பட்டது.

ஆனால் அவர் மேல் கண் இருந்துகொண்டே இருந்தது. பிரட்டில் கங்காணி, நிரையில் மண்டோர். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். பல லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று, வேலைக்குப் போகும் பெண்களையும் சோதனை போட்டார்கள்.

இன்று பேத்தி தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இரவு பதினொரு மணிக்குக் கம்பெனி பஸ் அவளைச் சாலையில் இறக்கிவிடுகிறது. வீட்டுக்குப் பத்து நிமிட நடை. ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளில் மெதுவாகப் பின்னால் வருகிறான். அவள் யாரிடமோ பேசுவதுபோல் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்கிறாள். விளக்கு எரியும் பாதையில் சுற்றிக்கொண்டு போகிறாள். வீட்டில் மட்டும் வாய் திறப்பதில்லை. சொன்னால் வேலையை நிறுத்திவிடுவீர்கள் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் வருகிறவனுக்கும் தெரியும். அவன் நம்பியிருப்பதே அதைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் இரவு 10 முதல் காலை 5 வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்று 1955 வேலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. விதிவிலக்கு வாங்கிய முதலாளிகளுக்கு அது தடையாக இல்லை என்பது வேறு கதை. 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பிரிவே இல்லை. உங்கள் மகள் இரவில் நடப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.

அவன் செய்வதுதான் குற்றம். குற்றவியல் சட்டத்தில் 507ஏ பிரிவு 2023 மே மாதம் அமலுக்கு வந்தது. ஒருவரைப் பயமுறுத்தும் வகையில் பின்தொடர்வது, வீட்டருகே சுற்றுவது, ஓயாமல் தொடர்புகொள்வது இதில் அடங்கும். இரண்டு தடவை நடந்தாலே போதும். மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அசிங்கமாகப் பேசினால், சைகை காட்டினால் 509ஆவது பிரிவு இருக்கிறது. அதற்கு ஒரே தடவை போதும், ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம்.

ஆகவே தேதி, நேரம், இடம், வண்டி எண் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். போலீஸ் புகார் செய்ய அப்பாவோ அண்ணனோ கூடப் போங்கள், ஆனால் பேசுவது அவளாக இருக்கட்டும். புகாரின் நகலை வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். "அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?" என்று அங்கே யாராவது கேட்டால், "வேலை முடிந்து வந்தேன்" என்று அவள் சொல்லட்டும். அந்தக் கேள்வியை முதலில் வீட்டில் நீங்கள் கேட்காமல் இருங்கள்.