பாட்டுப் புத்தகப் பெட்டி



கண்டாவளையில் நாங்கள் படம் பார்த்தது குறைவு. பாட்டுப் புத்தகம் சேர்த்ததுதான் அதிகம். யாழ்ப்பாணம் போகும் அண்ணன்மாரிடம் சொல்லிவிடுவோம். 1965இல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தபோது, பத்திரிகைப் படத்துக்கு வகுப்பில் அடிபிடி. வெட்டிய படங்களைச் சோற்றுப் பருக்கையால் கொப்பியில் ஒட்டுவோம்.

புத்தகத்தில் கதைச்சுருக்கம் பாதியில் நின்று, மிகுதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். திரைக்கு நாங்கள் எங்கே போவது? முடிவை நாங்களே இட்டுக்கட்டினோம். பிறகு தொலைக்காட்சியில் பார்த்தால், சில படங்களுக்கு எங்கள் முடிவே திறம்!

‘குத்துவிளக்கு’ (1972), ‘வாடைக்காற்று’ (1978) நோட்டீசுகளும் எங்கள் ரங்குப் பெட்டியில் இருந்தன. 2009 தையில் வெளிக்கிட்டபோது, அரிசியா பெட்டியா என்றால் அரிசிதான். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெட்டியும் இல்லை.

இந்தியப் படங்களின் புத்தகங்கள் சென்னையில் யாரிடமாவது கிடைக்கும். எங்கள் நாட்டுப் படங்களின் தாள்கள் அப்படியல்ல. கனடாவிலோ லண்டனிலோ உங்கள் பழைய அல்பத்தில் ஒன்று ஒட்டியிருந்தால் எறியாதீர்கள். ஸ்கான் செய்து நூலகம் நிறுவனத்துக்கு ஒரு படியும் சங்கத்துக்கு ஒரு படியும் அனுப்புங்கள்.

எங்கள் கொப்பிகளில் மிஞ்சியது ஒன்றே. இரவல் வாங்கிக் கொழும்புக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தராத தோழியிடம் இருந்தது. அவரை அன்று பேசிய பேச்சுக்கெல்லாம் இச்சபையில் மன்னிப்புக் கேட்கிறோம்.