கடையின் பெயர் மட்டும் இருக்காது

(குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பிறகு நம் சங்கக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காகச் சில விவரங்களைச் சேர்த்து எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் பத்து நிமிஷம் என்றார். மிட்டாய் கொடுத்த பிறகு பேசுகிறவனுக்குப் பத்து நிமிஷமே அதிகம்தான். ஆனாலும் விஷயம் நம் சந்தாப் பணத்தைத் தொடுவதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளையோ மறுநாளோ பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும், கவனியுங்கள். குடியரசு தினத்தன்று தொழிலாளர்களுக்கு விடுமுறை தராமல், மாற்று விடுப்போ இரட்டைச் சம்பளமோ கொடுக்காமல் வேலை வாங்கிய இத்தனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை என்று தொழிலாளர் துறை அறிவித்திருக்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு தடவை இந்தச் செய்தி வந்துவிடும். இதற்கென்று தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. ஆய்வுக்குப் போன அதிகாரியின் பெயரும் பதவியும் செய்தியில் இருக்கும். கடைகள் இத்தனை, ஓட்டல்கள் இத்தனை, மோட்டார் நிறுவனங்கள் இத்தனை என்று எண்ணிக்கை பிசகாமல் இருக்கும். எந்தக் கடை, எந்த ஓட்டல் என்பது மட்டும் இருக்காது.

அதே பேப்பரில் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினால் வங்கி விளம்பரம். வீட்டுக் கடன் தவணை கட்டாதவரின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், நாலு எல்லை, ஜாமீன் போட்டவர் பெயர், பாக்கி எவ்வளவு என்பது பைசா வரைக்கும். 2002-இல் வந்த சர்ஃபேசி சட்டத்தின் விதிப்படி, சொத்தைக் கைப்பற்றினால் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். அந்த விளம்பரங்களுக்கு எழுத்துப்பிழை பார்க்கும் வேலையை நான் பல வருஷம் செய்தவன். சில வங்கிகள் ஒரு படி மேலே போய், கடன்காரரின் போட்டோவையும் பேப்பரில் போடுவோம் என்றன. அதை எதிர்த்து நடந்த வழக்கில் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் பக்கமே நின்றது. கேரள உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் நேர்மாறாக, போட்டோ போட்டு மிரட்டக் கூடாது, அது மனிதனின் மானத்தைத் தொடுகிற காரியம் என்று சொன்னது. எனக்கும் கேரளத் தீர்ப்புதான் சரியென்று படுகிறது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். தறி வாங்கக் கடன் வாங்கி, நூல் விலையில் மாட்டிக்கொண்டவன் பெயர் ஊருக்கே தெரிகிறது. தன்னிடம் வேலை பார்ப்பவனின் சம்பளத்தில் பி.எஃப். என்று பிடித்துக்கொண்டு, அதைக் கட்டாமல் வைத்திருப்பவன் பெயர் அவன் தெருவுக்குக்கூடத் தெரிவதில்லை. இத்தனைக்கும் முதலாமவன் செய்தது கடன் பாக்கி. இரண்டாமவன் செய்தது நம்பிக்கை மோசடி. இது என் அபிப்பிராயம் இல்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவு விளக்கத்திலும், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு விளக்கத்திலும் உள்ளது. தொழிலாளியின் பங்கைச் சம்பளத்தில் பிடித்துவிட்டால் அந்தப் பணம் முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பணம். அதைக் கட்டாமல் விட்டால் குற்றம்.

பெரிய கடன்காரர்களின் பெயரும் ரொம்ப நாள் வெளியே வராமல்தான் இருந்தது. ரிசர்வ் வங்கி ரகசியம் ரகசியம் என்றது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் இந்த மாதிரி விவரங்களைத் தர வேண்டும் என்று சொன்னது. 2020 ஜூலையில், வங்கிகள் தேசியமயமான நாளையொட்டி, எங்கள் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. வேண்டுமென்றே கடன் கட்டாத 2,426 கணக்குகள், சுமார் 1.47 லட்சம் கோடி ரூபாய். கவுன்ட்டரில் உட்கார்ந்து நகைக்கடனுக்கு வட்டி வாங்கியவர்கள்தான் அதைத் துணிந்து வெளியே வைத்தார்கள். பட்டியல் வந்ததால் பணம் முழுதும் வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கிளைக்கு வந்த சாதாரண வாடிக்கையாளர்கள், “எங்களிடம் மட்டும் கறாரா சார்?” என்று பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

வெளிநாட்டில் இதை அரசாங்கமே செய்கிறது. பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலி கொடுக்காத முதலாளிகளின் பெயரை வெளியிடும் திட்டம் 2011-இல் தொடங்கியது, 2013-இல் இன்னும் கடுமையாக்கினார்கள். பெயர், ஊர், எத்தனை பேருக்கு எவ்வளவு பாக்கி என்று நம் வங்கி விளம்பரம் போலவே இருக்கும். 2021 ஆகஸ்டில் வந்த பட்டியலில் 191 நிறுவனங்கள். 34,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு 21 லட்சம் பவுண்டு பாக்கி. அதில் ஜான் லூயிஸ் என்ற பெரிய, நல்ல பெயர் எடுத்த கடையும் இருந்தது. மாதாமாதம் சம்பளம் ஒரே அளவாக இருக்கட்டும் என்று சராசரி போட்டுக் கொடுத்ததில் விதி மீறிவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். கெட்ட எண்ணம் இல்லாதவனும் பட்டியலில் ஏறிவிடுகிறான் என்ற முறையீடு அங்கே உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சின்னத் தொகைகளுக்குப் பெயர் போடுவதில்லை. 2020-இலிருந்து மொத்தப் பாக்கி 500 பவுண்டைத் தாண்டினால்தான். அதுவும் நோட்டீஸ் கொடுத்து, மேல்முறையீட்டுக்கு 28 நாள் விட்டு, அதற்குப் பிறகுதான்.

நம் ஊரில் பெயர் சொல்லும் வழக்கம் புதிதில்லை. ஹார்விபட்டி என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்த ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில்தான் 1908-இல் தூத்துக்குடியில் வேலைநிறுத்தம் நடந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பொதுக்கூட்டம் போட்டு, மில்லின் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். “ஒரு குறிப்பிட்ட நூற்பாலை” என்றா பேசியிருப்பார்கள்? கூலி உயர்ந்த பிறகுதான் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புகள். நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பட்டிமன்றம் வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஊதியத் தொகுப்பின்படி, முதல் தடவை தவறு கண்டுபிடித்தால், வழக்குப் போடுவதற்கு முன்னால் திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டும். பல குற்றங்களை, அதிகபட்ச அபராதத்தில் பாதியைக் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். கோர்ட்டுக்குப் போனால் ஒரு தீர்ப்பாவது இருக்கும், யாராவது படிப்பார்கள். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து முடித்துக்கொண்டால் ஃபைலோடு சரி. அதனால் பெயர் வெளியிட வேண்டிய தேவை முன்னைவிட இப்போது கூடியிருக்கிறது என்பது என் கணக்கு.

தொழிலாளியே பெயர் சொல்லட்டுமே என்பீர்கள். நம் பக்கத்தில் இன்னொரு காலனியில் ராத்திரி வாட்ச்மேனாக இருந்த ஒருவர், என்னைப் பேங்க்காரர் என்று கேள்விப்பட்டு வந்தார். பதினாலு மாதச் சம்பளச் சீட்டு கையில். ஒவ்வொன்றிலும் பி.எஃப். பிடித்தம் ஒழுங்காகப் போட்டிருந்தது. அவர் போனிலிருந்தே 99660 44425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்க வைத்தேன். அது வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் எண், பாக்கி எவ்வளவு, கடைசியாக எப்போது கட்டியது என்று எஸ்.எம்.எஸ். வரும். ஐந்து மாதத்தோடு நின்றிருந்தது. புகார் எழுதித் தரட்டுமா என்றேன். “வேண்டாம் சார், ஏஜென்சிக்காரருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற சைட்டுக்கு மாத்திருவாரு. எனக்கு இந்த இடம்தான் வீட்டுக்குப் பக்கம்” என்று சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

உதாரணத்துக்கு அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வையுங்கள். தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,440 ரூபாய். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். ஒரு வருஷத்துக்கு 34,560 ரூபாய், வட்டி தனி. இதோடு சேர்ந்த காப்பீடு ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். முதலாளி பணமே கட்டாமல் விட்டிருந்தால் அந்த வீட்டம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். ராத்திரி முழுக்க நம் கேட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இது ஒன்றுதான் சேமிப்பு.

அதற்காக நாளைக்கே நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கடைக்காரன் மோசம், இந்த மில்காரன் திருடன் என்று எழுத ஆரம்பிக்காதீர்கள். காதில் விழுந்ததை எழுதினால் அவதூறு வழக்கு வரும். உண்மையாகவும் இருந்து, பொது நன்மைக்காகவும் சொன்னதாக இருந்தால்தான் சட்டத்தில் விலக்கு. தொழிற் போட்டியில் கிளப்பிவிடும் புரளிக்கும் இங்கே பஞ்சமில்லை. உத்தரவு எண், தேதி, தொகை இந்த மூன்றும் கையில் இல்லாமல் யார் பெயரையும் சொல்லக் கூடாது. பாக்கியைக் கட்டி முடித்துவிட்டால், கட்டியாயிற்று என்பதையும் அதே இடத்தில் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். வங்கி விளம்பரங்களில் இந்தக் கடைசி மரியாதை கிடையாது. கடனை முடித்தவன் பெயரை யாரும் பேப்பரில் போட்டதில்லை.

தொழிலாளர் துறையிடம் நாம் கேட்கக்கூடியது எளிமையானது. எண்ணிக்கையைச் சொல்லும் அதே செய்திக்குறிப்பில், விசாரணை முடிந்து உத்தரவான நிறுவனங்களின் பெயரையும் பிறகு ஒருநாள் வெளியிடுங்கள். சங்கத்தின் சார்பில் மனு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது.

துறை செய்கிறபோது செய்யட்டும். நம் கையில் இருக்கும் காரியத்துக்கு வருகிறேன். வருகிற ஏப்ரலில் நம் காலனியின் செக்யூரிட்டி ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். இரண்டு ஏஜென்சிகள் விலைப்புள்ளி கொடுத்திருக்கின்றன. குறைந்த விலை கொடுத்தவருக்கே கொடுக்கலாம் என்று பொருளாளர் அண்ணன் நினைப்பது எனக்குத் தெரியும். அவர் நம் பணத்தைத் தன் பணம் போலப் பார்ப்பவர், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குறைந்த தொகையை ஆள் எண்ணிக்கையால் வகுத்து, அதில் பி.எஃப். முதலாளி பங்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், ஏஜென்சியின் லாபம் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது என்ன என்று ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஒன்று ஆளுக்குச் சம்பளம் குறைகிறது, இல்லாவிட்டால் பி.எஃப். கட்டப்போவதில்லை. மூன்றாவது வழி எனக்குத் தெரிந்த கூட்டல் கழித்தலில் இல்லை. நியாயமாகக் கொடுத்தால் வீட்டுக்கு மாதம் நாற்பது, ஐம்பது ரூபாய் சந்தா ஏறலாம். அதைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்வோம்.

ஏஜென்சி ஒழுங்காகக் கட்டுகிறதா என்று பார்க்க யார் தயவும் வேண்டாம். வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனத்தைத் தேடும் பகுதி இருக்கிறது. பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் கட்டியிருக்கிறார்கள் என்று வரும். பாஸ்வேர்டு கேட்காது. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. தேதியை விட ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். ஊரெல்லாம் அறுபது ஆள் போட்டிருக்கிறேன் என்று பெருமை பேசுகிறவர் இருபத்திரண்டு பேருக்குத்தான் கட்டுகிறார் என்றால், மீதி முப்பத்தெட்டுப் பேர் எங்கே என்று நாமே கேட்கலாம். கேட்க வேண்டியவர் அந்த வாட்ச்மேன் இல்லை, பில் கட்டுகிற நாம்.

என் யோசனை இரண்டே. மாதாமாதம் ஏஜென்சி பில்லோடு, நம் காலனி ஆட்களின் பெயர் உள்ள பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் நகலும் வந்தால்தான் செக் கையெழுத்தாக வேண்டும். அந்த மாதம் கட்டியாயிற்றா இல்லையா என்பதை, ஏஜென்சியின் பெயரோடு, தண்ணீர் வரும் நேரம் எழுதுகிற அதே பலகையில் எழுதிப் போட வேண்டும். “நமக்கு எதற்கு வம்பு?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். ஒப்பந்தத்தில் முதலிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் வம்பே இல்லை. சம்மதிக்காத ஏஜென்சி கையெழுத்துப் போடாமல் போகட்டும், நமக்கும் விடை கிடைத்துவிடும்.

விலைப்புள்ளி கொடுத்த இரண்டு ஏஜென்சிகளின் கடந்த பன்னிரண்டு மாத விவரத்தையும் பிரிண்ட் எடுத்துச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். மாலை ஐந்து முதல் ஏழு வரை திறந்திருக்கும். புதுப்பிக்கும் கூட்டத்துக்கு முன்னால் ஒருதடவை வந்து பார்த்துவிடுங்கள். கண்ணாடியை மறக்க வேண்டாம், எழுத்து ரொம்பப் பொடி.