புதிய தாயத்து



குழந்தைக்கு ஜுரம் கண்டால் தாயத்துக் கட்டுவதும் மந்திரிப்பதும் மூடத்தனம் என்று நாம் இத்தனை காலமாய்ச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் தாயத்தை அவிழ்த்தெறிந்த வீட்டிலேயே இன்று வேறொரு தாயத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. போன மாதம் பெரியவனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மருந்து பாதி இருக்கிறதென்று சின்னவளுக்கு ஊற்றுகிறார்கள். அதுவும் இல்லாவிட்டால், வைத்தியர் சீட்டில்லாமலே கடையில் அமாக்சிசிலினோ அசித்ரோமைசினோ வாங்கி வருகிறார்கள். மூன்றாம் நாள் ஜுரம் விட்டதும் கைகண்ட மருந்து என்கிறார்கள்.

சாதாரணச் சளி ஜுரம் பெரும்பாலும் வைரஸால் வருவது. இம்மருந்தோ பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸை ஒன்றும் செய்யாது. தானாய் இறங்கிய ஜுரத்துக்கு மருந்து பெயர் வாங்கிக்கொள்கிறது. அன்று பூசாரி பெயர் வாங்கியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

ஒரு வித்தியாசம் உண்டு. தாயத்து கழுத்தில் சும்மா கிடக்கும். இது சும்மா இராது. வயிற்றிலுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் கொன்று பேதி உண்டாக்கும். சாகாமல் தப்பியவை பெருகும். பின்னால் உண்மையிலேயே நிமோனியா வரும்போது அம்மருந்து செல்லாமற் போகலாம். 1928-இல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் பிளெமிங்கே, 1945-இல் தமது நோபல் உரையில், கடையில் எவரும் வாங்கி அரைகுறை அளவில் சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போகும் என்று எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவினால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

தாய்மார்களை மாத்திரம் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. ஒருநாள் கூலியை இழந்து, வைத்தியருக்குப் பீஸும் கொடுக்கவேண்டிய ஏழை கடைப்படியில் நிற்பதில் ஆச்சரியமென்ன? சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று சட்டம் இருந்தும் விற்கிறவனை யார் கேட்கிறார்கள்? அட்டையில் சிவப்புக்கோடு போட்டிருக்கிறதே, அது அழகுக்கா? ஆனாலும் பலன் அனுபவிப்பது கடைக்காரனல்ல, குழந்தை.

மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அண்ணனின் அளவு தங்கைக்கு ஆகாது. தண்ணீர் கலந்து வைத்த பழைய பாட்டில் வீரியமும் இழந்திருக்கும். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு ஜுரம் கண்டாலோ, எந்தக் குழந்தையாயினும் மூச்சு வேகமாய் வாங்கினாலோ, பால் குடியாமல் துவண்டாலோ, கடைக்குப் போகாதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கே பீஸ் கிடையாது.