திருப்பித் தராத புத்தகம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிப் பருவத்தில் என்னைக் கவர்ந்த நூல்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். எளிய தலைப்பு என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பட்டியலில் ஒரு கடனும் இருப்பது நினைவுக்கு வந்தது. அதை இறுதியில் சொல்கிறேன். கேட்டபின் என்னை இந்த வட்டத்தில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

என் முதல் புத்தகக் கடை ஆற்றங்கரையில் இருந்தது. ஏரல் அருணாசல சுவாமி கோயிலில் ஆடி அமாவாசைத் திருவிழா நடக்கும்போது, வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் இடையே தரையில் சாக்கை விரித்துப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களைப் பரப்பியிருப்பார்கள். என் ஆச்சி ஒரு முறை நல்லதங்காள் கதையை வாங்கினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எனக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டாமல் படிக்க வந்திருந்தது. மாலையில் திண்ணையில் அமர்ந்து நான் படிப்பேன். ஆச்சியும் தெருப் பெண்களும் கேட்பார்கள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் இடம் வந்ததும் அத்தனை பேரும் அழுதார்கள். கதை அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்த கதைக்கு ஏன் அழுகிறார்கள் என்று அன்று விளங்கவில்லை. படிப்பு என்பது தனியறையில் செய்யும் காரியம் அன்று என்பதை மட்டும் அந்தத் திண்ணை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அடுத்தது கிளை நூலகம். 1975இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டே உறுப்பினரானேன். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகங்களுக்கென ஒரு சட்டம், 1948இல், நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கப்படுகிறது என்பதும், அந்த அலமாரியிலிருந்த ஒவ்வொரு புத்தகத்திலும் ஊராருடைய காசு இருக்கிறது என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தன. அன்று நான் கண்டது மரப்பெட்டியும், ரப்பர் முத்திரையும், முத்திரை குத்தும் ஓசையுமே.

அங்கேதான் புதுமைப்பித்தன் கிடைத்தார். 'வே' என்றும் 'ஏலே' என்றும் நாங்கள் பேசுவதை வகுப்பில் திருத்துவார்கள். அச்சேறிய தமிழ் வேறு, அடுப்படித் தமிழ் வேறு என்று நம்பி வளர்ந்த பையன், கெட்டி அட்டை போட்ட ஒரு நூலில் நெல்லைச் சீமைப் பேச்சு அப்படியே நடமாடுவதைக் கண்டான். கதையின் ஆழம் எனக்கு எட்டியதாகச் சொன்னால் அது பொய். ஆனால் நம் வாய்மொழியும் இலக்கியம் ஏறும் என்ற தைரியம் அன்று பிறந்தது. இந்த அவையில் பலர் கவிதை எழுதத் துணிந்ததும் அப்படி ஒரு நாளில்தான் என்று நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் என் தமிழாசிரியர் தம் சொந்தப் பிரதியைக் கொடுத்து, "மடக்காமல் படித்துவிட்டுத் தா" என்றார். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977இல் வெளிவந்த நாவல். மணப்பாட்டுக் கடற்கரையைக் களமாகக் கொண்டது. அந்தக் கரைப் பக்கத்திலிருந்து பெண்கள் தலைச்சுமையாக எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருவார்கள். அதுவரை அவர்கள் எனக்கு வெறும் மீன்காரிகள். நாவலைப் படித்த மறுநாள், படியில் கூடையை இறக்கி வைத்த ஒருத்தியின் முகத்தை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் புத்தகம் எனக்குச் செய்த நன்மை அது. அதை மடக்காமல் திருப்பிக் கொடுத்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ஏனென்றால் அடுத்ததைக் கொடுக்கவில்லை.

அடுத்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது; 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. பன்னிரண்டாம் வகுப்பில், 1982இல், அதை எடுத்தேன். பருமனைக் கண்டு தயங்கினேன். ஏடு தேடி அவர் நம் தாமிரபரணிக் கரைக்கு வருகிறார் என்ற இடத்தை எட்டியதும் கீழே வைக்க முடியவில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே ஆற்றை ஒட்டியிருக்கும் ஆழ்வார்திருநகரியில், கவிராயர்களின் வீடுகளில், பத்துப்பாட்டு ஏட்டுக்காக அவர் அலைகிறார். கிடைக்கவில்லை என்று மனம் சோர்ந்திருந்த இரவில் ஒரு சுவடி கைக்கு வருகிறது. நிலவொளியில் பிரித்துப் பார்த்தால் முல்லைப்பாட்டு. 1889இல் பத்துப்பாட்டு அச்சில் வந்ததற்குப் பின்னால் நாங்கள் குளிக்கும் ஆற்றின் கரையும் இருக்கிறது என்று அறிந்தபோது உடம்பு சிலிர்த்தது. அதே நூலில், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதுபட்ட ஏடுகளைத் தீயில் இட்டுவிட்ட செய்தியும், ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றோடு விட்ட செய்தியும் படித்து அழுதேன். நல்லதங்காளுக்கு ஆச்சி ஏன் அழுதாள் என்பது அன்று விளங்கிற்று.

அன்பர்களே, அந்தப் புத்தகத்தை நான் நூலகத்திற்குத் திருப்பித் தரவில்லை. தேர்வு வந்தது, கல்லூரிக்குப் போனேன், வேலை வந்தது. மறதி என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பிறகு, "இந்த ஊரில் இதை யார் படிக்கப் போகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டேன். அது பொய் என்பதற்குச் சான்று புத்தகத்தின் பின்னட்டையிலேயே ஒட்டியிருந்தது. தேதிச் சீட்டில் எனக்கு முன்னால் பதினோரு முத்திரைகள். பதினோரு முறை யாரோ அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். பதினோரு முறையும் திருப்பித் தந்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது முத்திரையோடு அந்த வரிசை என் வீட்டு அலமாரியில் நின்றுபோயிற்று. ஏடு தர மறுத்தவர்களை எண்ணி அழுத பையன், ஏட்டை ஒளித்து வைத்தவனாக ஆனான்.

பணி ஓய்வுக்குப் பின் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு ஊருக்குள் வந்தது, ஏரல் கடைவீதி மூழ்கியது, வழிகள் துண்டிக்கப்பட்டன. உயிரோடு மாடியில் நின்றோம். அதுவே பெரிது. தண்ணீர் வடிந்தபின் கீழே வந்து பார்த்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவையெல்லாம் ஒரே கட்டியாக, வண்டலோடு ஒட்டிக் கிடந்தன. 'என் சரித்திரம்' அவற்றுள் ஒன்று. தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூடத் தெரியவில்லை. நாற்பத்தோரு ஆண்டுகள் நான் தராததை ஆறு எடுத்துக்கொண்டது.

நமக்கு அருகே சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு வயது 3,200 ஆண்டுகள் என்று 2021இல் அறிவித்தார்கள். மண்ணில் பத்திரப்படுத்திய நெல் அத்தனை காலம் இருந்தது. ஆனால் அது முளைக்காது. ஏடு அப்படிப்பட்டதன்று. ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகளே. ஒருவர் பார்த்து இன்னொருவர் படியெடுத்ததால்தான் சங்கப் பாட்டு இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்தது. பூட்டி வைத்ததால் பிழைத்த நூல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கை மாறியதால் பிழைத்தவையே அனைத்தும். என் அலமாரியில் அந்தப் புத்தகம் பத்திரமாக இருந்தது என்று எண்ணினேன். அது நூலகத்தில் இருந்திருந்தாலும் வெள்ளம் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் அதற்குள் எத்தனை பிள்ளைகள் நிலவொளியில் முல்லைப்பாட்டைக் கண்டிருப்பார்கள்! அந்தக் கணக்கை நான் எப்படித் தீர்ப்பேன்?

சென்ற மாதம் புதிய பிரதி ஒன்றை வாங்கிக் கிளை நூலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்தவர் நன்கொடைக்கு நன்றி என்றார். நன்கொடை அன்று, கடன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே புதிய தேதிச் சீட்டை ஒட்டினார். அதில் இன்னும் முத்திரை இல்லை.

இந்த வட்டம் பத்து ஆண்டுகளாக நல்ல கவிதைகளைக் கேட்டிருக்கிறது. பதினோராவது ஆண்டுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. ஒவ்வோர் உறுப்பினரும் தம் பள்ளிப் பருவத்தில் தம்மை மாற்றிய ஒரு நூலை வாங்கி, நம் ஊர்ப் பள்ளி ஒன்றுக்கு எடுத்துச் செல்லுங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் அமர்ந்து, பிடித்த பகுதியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அதைக் கேட்கும் ஒரு பிள்ளையாவது மறுநாள் நூலகத்துக்கு வரும். அந்தச் சீட்டில் முதல் முத்திரை விழும் ஓசையைக் கேட்க நானும் காத்திருக்கிறேன்.