கல்லீரல் செல்லும் ஆற்றலைப் பறிக்கும் நஞ்சுகளும்



மைட்டோகாண்டிரியா செல்லின் ஆற்றல் நிலையம் என்று ஒரு வரி எழுதி ஒரு மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். அந்நிலையம் நின்றுவிட்டால் செல் என்னவாகும் என்று வினவும் மாணவர் அரியர். இன்று அதனையே பேச விழைகிறேன்.

கல்லீரல் செல் ஒன்றில் 1000 முதல் 2000 வரை மைட்டோகாண்டிரியாக்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஓர் அணையாக எண்ணிக்கொள்ளுங்கள். உணவிலிருந்து பெற்ற எலெக்ட்ரான்கள் படிப்படியாகக் கைமாறி ஆக்சிஜனைச் சேருகையில், ஹைட்ரஜன் அயனிகள் உட்சவ்வின் வெளிப்புறம் தேக்கப்படுகின்றன. அவை ஒரு சுழலியின் வழியே திரும்பிப் பாயும்போது ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருள் உண்டாகிறது. 1961இல் இவ்விளக்கத்தை அளித்த பீட்டர் மிட்செல் 1978இல் நோபெல் பரிசு பெற்றார்.

சயனைடும் ரோட்டினோனும் எலெக்ட்ரான் ஓட்டத்தைத் தடுப்பவை. அணைக்கு நீர்வரத்து நின்றுவிடும். ஆலிகோமைசின் சுழலியை அடைத்துவிடும். டைநைட்ரோஃபீனாலோ அணைக்கரையில் ஓட்டையிடும். உணவு எரியும், உடல் கொதிக்கும், ஏ.டி.பி. கிட்டாது. 1933 முதல் அமெரிக்காவில் உடல் மெலிவதற்கென்று இதனை விழுங்கினர். கண்புரையும் சாவும் கண்ட பின்னரே, 1938இல், மனிதர் உண்ணத் தகாதது என விலக்கினர்.

அணை உடைந்ததனால் செல் சாகிறதா, ஏ.டி.பி. தீர்ந்ததனால் சாகிறதா? வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் லெமாஸ்டர்ஸ் குழுவினர் எலியின் கல்லீரல் செல்களைக் கொண்டு இதனை ஆராய்ந்து 1994இல் வெளியிட்டனர். சயனைடு இட்ட செல்களுக்குப் பழச்சர்க்கரையாகிய ஃபிரக்டோஸ் கொடுத்தபோது அவை பிழைத்தன. மைட்டோகாண்டிரியாவின் துணையின்றியே அச்சர்க்கரையிலிருந்து செல் சிறிதளவு ஏ.டி.பி. ஆக்கிக்கொள்ளும், உயிர் தரிக்க அதுவே போதுமாயிற்று. கரையில் ஓட்டையிடும் நஞ்சிலோ ஒரு வியப்பு உண்டு. அங்கே சுழலி தலைகீழாகச் சுழன்று, இருக்கும் ஏ.டி.பி.யையும் செலவிட்டு, ஓட்டை அணைக்கு நீர் இறைக்கத் தொடங்கிவிடும்! ஃபிரக்டோசுடன் ஆலிகோமைசினையும் சேர்த்துச் சுழலியை அடைத்தபோது செல் காப்பாற்றப்பட்டது. நஞ்சொன்று மற்றொரு நஞ்சுக்குத் தடையாயிற்று. இது ஆய்வுக்கூடச் செய்தி. நஞ்சுண்டவர்க்குச் சர்க்கரை நீர் மருந்தாகும் என்று எவரும் எண்ணிவிடலாகாது.

நம் இல்லங்களில் உள்ள பொருளுக்கு வருகிறேன். காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் அளவோடு உண்டால் நல்ல மருந்து. அளவு மிஞ்சினால், அதிலிருந்து கல்லீரலில் உண்டாகும் நச்சுப்பொருள், குளுடாதயோன் என்னும் காப்புப்பொருளைத் தீர்த்துவிட்டு, மைட்டோகாண்டிரியாவின் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. ஏ.டி.பி. குன்றிச் செல்கள் மடிகின்றன. முதல் நாள் குமட்டலன்றி வேறொன்றும் தோன்றாமலிருக்கலாம். மஞ்சட்காமாலை பின்னரே தோன்றும். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று வீட்டிலேயே வைத்திருப்பதுதான் பெருங்கேடு. அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்தை 8 மணி நேரத்திற்குள் செலுத்தினால் ஏறக்குறைய அனைவரின் கல்லீரலும் காக்கப்படும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், அறியாமலே இருமடங்கு உண்போரும் உளர். மருத்துவமனைக்கு விரையும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்; எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதையே மருத்துவர் முதலில் கேட்பார்.