படுகொலையைப் படிப்பதேன்?

(மாணவர் வழியனுப்புக் கூட்டத்தில் பேசியது)



படுகொலை நினைவிடங்களைப் பார்த்து, அதன் பின் ஜனங்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றார்கள் என்று படித்துவர, ருவாண்டாவுக்குப் புறப்படும் மாணவத் தோழரை வழியனுப்பவே கூடியிருக்கின்றோம். "எலும்பைப் பார்க்க இவ்வளவு தூரம் போவானேன்?" என்று சிலர் கேட்கின்றார்கள். பதில் சொல்லுவது நமது கடமையாகும்.

1994-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி தொடங்கி சுமார் 100 நாளில் அங்கு லட்சக்கணக்கானவர் கொல்லப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் டுட்சிகள். கொலைக்கு உடன்படாத ஹூட்டுகளும் செத்தார்கள். கொன்றது அந்நியப் படையா? இல்லை. ஒரே பாஷை பேசி, ஒரே சர்ச்சில் தொழுத அண்டை வீட்டாரும் கொன்றார்கள்.

ஆளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சீட்டைப் பார்த்து! 1930-களில் பெல்ஜியம் ஆட்சியார் இன்னார் இன்ன இனமென்று எழுதி அடையாளச் சீட்டுக் கொடுத்தார்கள். தகப்பனுக்கு எழுதியதே பிள்ளைக்கும். 1962-ல் பெல்ஜியத்தார் போனார்கள், சீட்டுப் போகவில்லை. 1994-ல் சாலையை மறித்தவன் அதைத்தான் கேட்டான். அதிலிருந்த ஒரு சொல் உயிரை வாங்கிற்று. ரேடியோவோ மனிதரைக் கரப்பான் பூச்சி என்றது.

ஆண்டவன் காப்பான் என்று நியமாட்டா சர்ச்சுக்குள் ஆயிரக்கணக்கானவர் புகுந்தார்கள். ஆண்டவன் காக்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையோ இருந்த படையிலும் பெரும்பாகத்தைத் திருப்பி அழைத்துக்கொண்டது!

பிறகு கச்சாச்சா என்னும் ஊர் நீதிமன்றங்களை வைத்து, 2012 வரை சுமார் 19 லட்சம் வழக்குகளை விசாரித்தார்கள். ஊராரே நீதிபதிகள். குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்குத் தண்டனை குறைந்தது. பிணத்தைப் புதைத்த இடம் பலருக்கு அங்குதான் தெரிந்தது. குறையில்லையா? உண்டு. வக்கீல் கிடையாது. வெற்றி பெற்ற படையார் செய்த கொலைகள் அங்கு விசாரணைக்கு வரவில்லை. அதையும் எழுதிக்கொண்டு வரவேண்டும்.

தோழரே! கிகாலியில் இரண்டரை லட்சம் பேர் புதைக்கப்பட்ட நினைவிடத்தைக் கும்பிட்டுவிட்டு வராதீர்கள், படித்துவிட்டு வாருங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் கண்டால், "மன்னித்துவிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். அதைக் கேட்க நமக்கு என்ன பாத்தியதை? அவள் சொல்வதைக் கேளுங்கள். சீட்டு எழுதியவன் யார், பார்த்துக்கொண்டு சும்மாயிருந்தவன் யார் என்று கேளுங்கள். திரும்பி வந்து இதே மேடையில் எங்களுக்குச் சொல்லுங்கள். அதற்காகவே அனுப்புகின்றோம்.