"ஒரு ராத்திரி டைம் கொடுங்கண்ணே!"

(மதுரை கோச்சடையில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பட்டாவை மொபைல்ல எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்லிக் கொடுங்க" என்றுதான் என்னை இங்கே கூப்பிட்டிருந்தாங்க. ஆனா உள்ளே நுழையும்போதே ஒரு அக்கா நிறுத்திக் கேட்டாங்க: "தம்பி, அதையெல்லாம் பார்க்கிறதுக்கு புரோக்கர் எங்க டைம் தர்றாரு? சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போடுங்கன்னு வாசல்லயே நிக்கிறாரு!"

அந்தக் கேள்விதான் இன்னைக்கு என் பேச்சு. சேவைகள் நம்ம கையிலேயே இருக்கு. அதைப் பயன்படுத்துற நேரத்தைத்தான் நம்மகிட்ட இருந்து பிடுங்கிடறாங்க.

என் சித்தப்பா கதையைச் சொல்றேன். 2015, ஆனி மாசக் கடைசி. நகரத்துக்கு வெளியே ஒரு மனை பார்த்தார். கூட்டிட்டுப் போன தரகர் சொன்னது: "அண்ணே, ஆடி பிறந்துட்டா ஒரு மாசம் எதுவும் பண்ண முடியாது. வேற பார்ட்டி பணத்தோட ரெடியா இருக்காங்க. பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, பயப்படாதீங்க." அன்னைக்குச் சாயங்காலமே சித்தப்பா அட்வான்ஸ் கொடுத்தார். ஆடிக்கு முன்னாடியே பத்திரமும் முடிஞ்சது.

அடுத்த வருஷம், 2016 செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மகள் கல்யாணத்துக்காக மனையை விற்கப் போன சித்தப்பாவுக்கு அப்போதான் விஷயம் தெரிஞ்சது. ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையோட ஒப்புதல் வேணும். அது அந்த மனைக்கு இல்லை. 2017 மே மாசம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. சித்தப்பா கட்டணம் கட்டி வரன்முறை செய்துகிட்டார். ஆனா கல்யாணம் அதுக்குள்ள நகையை அடகு வைச்சுதான் நடந்தது. "ஒரு நாள் பொறுத்திருந்தா விசாரிச்சிருப்பேனே"ன்னு இன்னைக்கும் சொல்வார்.

பத்திரம் பதிவாயிட்டாலே சொத்து சரியானதுன்னு அர்த்தமில்லை. இதை மனசுல வைச்சுக்கங்க.

தரகர் ஏன் அவசரப்படுத்துறாருன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். எல்லாத் தரகரும் ஏமாத்துறவங்க இல்லை. தெருத்தெருவா அலைஞ்சு, நமக்கு ஏத்த வீடு தேடித் தர்றவங்களும் இருக்காங்க. ஆனா அவருக்கு கமிஷன் வர்றது வியாபாரம் முடிஞ்சாத்தான். வழக்கமா 1 இல்லைன்னா 2 சதவீதம். நீங்க யோசிக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு அந்தப் பணம் கைநழுவுற பயம். ஆக, அவசரம் அவரோடது, கடன் கட்டப் போறது நாம.

மேலக்கால் ரோடு, பைபாஸ் பக்கமெல்லாம் வீடு தேடுறவங்க வழக்கமா கேட்கிற வசனம் மூணு.

முதல் வசனம்: "இன்னொரு பார்ட்டி ரெடி." இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம்மால சோதிக்க முடியாத ஒரு விஷயத்துக்காக, சோதிக்க முடிஞ்ச விஷயங்களை விட்டுடக் கூடாது. இதுக்குப் பதில்: "அண்ணே, ஒரு ராத்திரி டைம் கொடுங்க. பேப்பர் சரியா இருந்தா காலையில நானே போன் பண்றேன்." ஒரு ராத்திரிகூடக் காத்திருக்காத வீடு நமக்கு வேண்டாம்.

இரண்டாவது: "டோக்கன் மட்டும் போட்டு வைங்க." பிரச்சினை வந்தா திரும்பி வராதது பெரும்பாலும் இந்த டோக்கன் பணம்தான். கொடுத்தே ஆகணும்னா, தரகர் கையில கொடுக்காதீங்க. சொத்து யார் பேர்ல இருக்கோ அவங்க வங்கிக் கணக்குக்கு அனுப்புங்க. "வில்லங்கம், பட்டா, வழக்கறிஞர் கருத்து இவற்றில் குறை இருந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி, உரிமையாளர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. எழுதித் தர மறுத்தா, அதுவே ஒரு பதில்.

மூன்றாவது: "பாதி ரொக்கமா கொடுங்க, பத்திரத்தைக் கம்மியா போட்டுக்கலாம்." வீடு, மனை வாங்க 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா முன்பணம் வாங்குறதை வருமான வரிச் சட்டம் தடை செய்யுது. மீறி வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். கொடுத்த நமக்கும் கையில ஆதாரம் இருக்காது.

சரி, அந்த ஒரு ராத்திரியில என்ன பார்க்கிறது? தரகர்கிட்ட சர்வே எண்ணும் மூலப்பத்திர நகலும் வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க. மீதி உங்க போன்லயே இருக்கு.

ஒண்ணு, வில்லங்கம். பதிவுத்துறையோட இணையதளத்தில கணக்கு தொடங்கி, சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்துப் பாருங்க. பார்வையிடக் கட்டணம் இல்லை. குறைஞ்சது 30 வருஷத்துக்குப் பாருங்க. அடமானம் இருந்து அது ரத்தானதுக்குப் பதிவு இல்லைன்னா, கேள்வி கேளுங்க. பதிவு செய்யாத ஒப்பந்தமும் வாரிசுப் பிரச்சினையும் வில்லங்கத்தில தெரியாது. அதனால இதோட நிறுத்திடாதீங்க.

ரெண்டு, பட்டா. தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு மின்சேவைத் தளத்தில பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் எல்லாம் இருக்கு. ஊரகப் பகுதியில தேடிக் கிடைக்கலைன்னா நகரப் பகுதியில தேடுங்க. மாநகராட்சி எல்லைக்குள்ள பல இடங்களுக்கு நகர நில அளவைப் பதிவேடுதான் இருக்கும். விற்கிறவர் பேரும் பட்டாவில இருக்கிற பேரும் ஒண்ணான்னு பாருங்க. கோச்சடை மாதிரி ஆத்தங்கரை ஊர்ல 'அ' பதிவேட்டைப் பார்க்காம விடவே கூடாது. வாய்க்கால், கண்மாய்ப் புறம்போக்கா இருந்தா அதில தெரியும்.

மூணு, வழக்கு. இ-கோர்ட்ஸ் செயலியில விற்கிறவரோட பேரைப் போட்டுத் தேடலாம்.

நாலு, புது அடுக்குமாடி வீடோ மனைப்பிரிவோ வாங்கினா ரெரா. 500 சதுர மீட்டருக்கு மேல, அதாவது ஏறக்குறைய 12 சென்ட்டுக்கு மேற்பட்ட நிலத்திலயோ, 8 வீட்டுக்கு மேலயோ அமையுற திட்டத்தை, 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ஆணையத்தில பதிவு செய்யணும். அந்தத் திட்டத்தில வீடு விற்றுத் தர்ற ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்கணும். ரெண்டையும் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில சரிபார்க்கலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாம, விலையில 10 சதவீதத்துக்கு மேல பில்டர் முன்பணம் வாங்கக் கூடாது. ஏஜென்ட் பொய் வாக்குறுதி கொடுத்தா, அது வாய் வார்த்தையா இருந்தாலும், அதே ஆணையத்தில புகார் செய்யலாம். அவர் அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீங்க. ஆனா ஒண்ணு: தனி ஆள் விற்கிற பழைய வீட்டுக்கு ரெரா பாதுகாப்பு கிடையாது. அங்கே முதல் மூணு சோதனையும் ஒரு வழக்கறிஞரும்தான் துணை.

தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கும் போடுங்க. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். அதுக்கு மேல கமிஷன். அவசரத்தில அட்வான்ஸ் கொடுத்துட்டு இந்தப் பணத்துக்கு அலையுறவங்க நிறையப் பேர்.

காலையில எல்லாம் சரியா இருந்தா, வழக்கறிஞர்கிட்ட மூலப்பத்திரத்தைக் காட்டுங்க, தைரியமா ஒப்பந்தம் போடுங்க. அந்தக் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்க. தமிழ்நாட்டில அது கட்டாயம்.

ஒண்ணு மட்டும் சொல்லி முடிச்சுக்கிறேன். நம்ம ஊர்ல எதிர்ல நிக்கிறவங்ககிட்ட "வேண்டாம்"னு சொல்ல நமக்குக் கூச்சம். அவர் வண்டியில நாலு வீடு காட்டியிருப்பார், டீ வாங்கிக் கொடுத்திருப்பார். அதுக்கு நன்றி சொல்லுங்க. ஆனா டீக்கு நன்றியா கையெழுத்துப் போட வேண்டாம். கூச்சமா இருந்தா வீட்டு மேல பழியைப் போடுங்க: "வீட்ல கேட்டுத்தாண்ணே சொல்லணும்." இதைக் கேட்டு எந்தத் தரகரும் கோவிச்சுக்கிட்டதில்லை.

வாசல்ல கேட்ட அக்கா எங்க இருக்கீங்க? சர்வே எண் கையில இருக்கா? வாங்க, கூட்டம் முடிஞ்சதும் உங்க போன்லயே சேர்ந்து பார்த்துடுவோம்.